ஊரில் தெரிந்தவர்களுக்கு வட்டியில்லாமல் சிறு கடன் கொடுப்பது உண்மையில் உதவுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மேலூருக்குப் பக்கத்தில் சொந்த ஊர், வேலை ஓசூரில், கையில் 60,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதை அன்னதானத்துக்கோ கோயில் திருப்பணிக்கோ கொடுத்தால் ஒரு தடவையோடு தீர்ந்துவிடும் என்றும், ஊரில் தெரிந்த ஏழெட்டுப் பேருக்கு வட்டியில்லாத சிறு கடனாகக் கொடுத்தால் அது திரும்பி வந்து இன்னொருவருக்குப் போகும் என்றும் நினைக்கிறீர்கள். இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஐயாயிரம், எட்டாயிரம் என்ற சிறு தொகை, நிறுவனம் எதுவும் நடுவில் இல்லாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது, வாங்கியவருடைய பிழைப்பில் எதையாவது மாற்றுகிறதா, அல்லது கொடுத்தவருடைய மனத்துக்கு மட்டும் நிறைவைத் தருகிறதா? அதற்குத்தான் பதில் எழுத முயல்கிறேன்.

நான் ஒரு வங்கியின் கிராமக் கிளைகளில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அவற்றில் பெரும்பகுதி மதுரை மாவட்டத்தில், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டங்களில், கடன் பிரிவில் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, நீங்கள் செய்ய நினைப்பதைப் போலவே, ஒரு சிறு தொகையைக் கைமாற்றாகச் சுழற்றி வருகிறோம். நூற்றுச் சொச்சம் கடன்கள் ஆகியிருக்கின்றன. சில திரும்பவில்லை. ஆகவே நான் சொல்வதில் ஒரு பகுதி தொழிலில் கற்றது; ஒரு பகுதி சொந்தப் பணத்தை இழந்து கற்றது; இன்னொரு பகுதி பிறருடைய ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. எது எந்த வகை என்பதை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

உங்கள் பணம் ஒருவருக்கு எவ்வளவு உதவும் என்பதை, அந்தப் பணம் கிடைக்காவிட்டால் அவர் எங்கே போய் நிற்பார் என்பதைக் கொண்டுதான் அளக்க முடியும். நம் பக்கத்தில் தண்டல் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 10,000 ரூபாய்க் கடன் என்று பேசி, 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வாங்குகிறவர் 'நூற்றுக்குப் பதினைந்துதானே' என்று எண்ணுகிறார். ஆனால் அவர் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால், சராசரியாக அவர் கையில் தங்கியிருக்கும் பணம் 8,500-இல் பாதிதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதத்துக்குப் பத்து வட்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு வருகிறது. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. இருந்தும் தண்டல்காரரின் மொபெட் காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் வந்து நிற்காத ஊர் குறைவு. ஏன் என்றால், தண்டல் கேட்ட அன்றே பணம் தருகிறது. ஆதார் நகல் கேட்பதில்லை. வங்கிக்கு வரச் சொல்லி ஒரு நாள் கூலியைக் கெடுப்பதில்லை. வங்கியில் இருந்தவனாக இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

இதைவிடக் கொடுமையானது காலையில் வாங்கி மாலையில் திருப்பும் கடன். காலையில் 950 ரூபாய் வாங்கிப் பூவோ காய்கறியோ பிடித்து, விற்றுவிட்டு, மாலையில் ஆயிரமாகத் தர வேண்டும். மாதத்துக்கு 25 நாள் வியாபாரம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் ரூபாய் முதலுக்கு மாதம் 1,250 ரூபாய் வட்டியாகவே போகிறது. இதைத் தலைகீழாகப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கான விடையின் முதல் பாதி தெரியும். அந்தப் பெண்ணின் முந்தானை முடிச்சில் சொந்தமாக ஆயிரம் ரூபாய் தங்கியிருந்தால், அவர் ஒரு பூக்கூடக் கூடுதலாக விற்காமலேயே மாதம் 1,250 ரூபாய் அதிகமாக வீட்டுக்குக் கொண்டுபோவார். புதுத் தொழில் தொடங்க உதவும் கடனைவிட, ஏற்கெனவே நடக்கும் தொழிலிலிருந்து வட்டியை வெளியேற்றும் கடன் பல மடங்கு பயன் தருகிறது என்பது என் உறுதியான கருத்து. சிறு கடன் என்றாலே 'தொழில் முனைவோர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இந்த எளிய கணக்கைப் பார்ப்பதில்லை.

எங்கள் நோட்டில் முதல் பெயர் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உதிரிப்பூ வாங்கி, கட்டி, அண்ணாநகர்ப் பக்கம் விற்கும் ஓர் அம்மாளுடையது. 2,000 ரூபாய் கொடுத்தோம். தினமும் வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த 100 ரூபாயில் 50-ஐ எங்களுக்குத் தருவது, 50-ஐ வீட்டுக்கு வைத்துக்கொள்வது என்று பேச்சு. நாற்பது நாளில் எங்கள் பணம் திரும்பிவிட்டது. 2,000 ரூபாய் முதல் அவருடையதாகவே ஆகிவிட்டது. நாங்கள் மூவரும் பெரிய சாதனை செய்துவிட்டதாக நினைத்து ஜிகர்தண்டா குடித்தோம். நான்காவது மாதம் அவருடைய தம்பி மகளுக்குக் காதுகுத்து வந்தது. அத்தை சீர், செய்முறை என்று செய்யாமல் இருக்க முடியுமா? முதல் முழுவதும் அதற்குப் போயிற்று. மறுநாள் விடியற்காலையில் அவர் மறுபடியும் பழைய வட்டிக்காரரிடம்தான் நின்றார். எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் வேறு தெரு வழியாகப் போயிருக்கிறார்.

இது அந்த அம்மாளின் குறை என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகிய மூவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் அதிவட்டிக் கடனை ஆய்வாளர்களே முழுவதுமாக அடைத்துவிட்டு, பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மீண்டும் கடனுக்குள் போயிருந்தார்கள். அதாவது கடனை அடைத்தால் மட்டும் போதாது. அடுத்த காதுகுத்தோ, காய்ச்சலோ, மழைநாளோ வரும்போது முதலைத் தொடாமல் எடுப்பதற்கு வேறொரு முடிச்சு வேண்டும். அந்த அம்மாளுக்கு இரண்டாம் முறை கொடுத்தபோது, மிச்சமாகும் 50 ரூபாயில் 20-ஐ அவர் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வாரம் ஒரு முறை போட்டுவர ஏற்பாடு செய்துகொண்டார். ஏற்பாடு எங்களுடையது அன்று, அவருடையதே. அதன் பிறகு அவர் காலை வட்டிக்கு ஒரே ஒரு முறை போனதாக அறிகிறேன். ஒருவருடைய கதையிலிருந்து விதி எதையும் உருவாக்க முடியாது. ஆனால் ஆய்வு சொல்வதும் சந்தையில் நான் கண்டதும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன.

அடுத்து, பணம் திரும்பும் தாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக்கு அருகில் விளாச்சேரியில் கொலு பொம்மையும் அகலும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்யும் குடும்பங்கள் உண்டு. களிமண், வண்ணம், சூளைக்கு விறகு என்று சித்திரையிலிருந்தே செலவு தொடங்கிவிடும். பணம் என்று கண்ணில் படுவது புரட்டாசியிலிருந்து மார்கழி வரைதான். வங்கியில் இருந்தபோது அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றுக்குக் கடன் பரிந்துரைத்தேன். விதிப்படி மறுமாதத்திலிருந்தே மாதத் தவணை. ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினார்கள். நல்ல கடனாளி என்று குறிப்பும் எழுதினேன். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், ஆனியிலும் ஆடியிலும் என் தவணையைக் கட்டுவதற்காக அவர்கள் தண்டல் வாங்கியிருந்தது தெரியவந்தது. ஒன்பது விழுக்காட்டு வட்டிக்கு நான் கொடுத்த கடனை நூற்றிருபது விழுக்காட்டு வட்டிக்காரர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது.

கொல்கத்தாவில் எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலியோர் செய்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. கடன் வாங்கிய இரண்டே வாரத்தில் தவணை தொடங்கியவர்களையும், இரண்டு மாதம் கழித்துத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாகப் பணம் போட்டார்கள். நெடுநாளில் அவர்களுடைய இலாபமும் கூடியது. ஆனால் அவர்களிடையே கடனைத் திருப்பாதவர்களின் எண்ணிக்கையும் கூடியது. நிறுவனங்கள் வாராவாரம் வசூலிப்பதை விடாததற்கு இந்த இரண்டாவது பாதிதான் காரணம். உங்களைப் போன்ற தனிமனிதருக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி இங்கே இருக்கிறது: நீங்கள் காத்திருக்க முடியும். பொம்மை செய்கிறவரிடம் 'சரஸ்வதி பூசை முடிந்து கொடுங்கள்' என்று சொல்ல எந்த மென்பொருளுக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நெல் அறுப்பவருக்கு அறுவடை, ஆடு வளர்ப்பவருக்குக் கிடா விற்கும் கோடைத் திருவிழாக் காலம், கட்டட வேலைக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமைக் கூலி என்று அவரவர் வரவுக்கு ஏற்றபடி தேதியை அவர்களே சொல்லட்டும். சொன்ன தேதியை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் எந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூரிலிருந்து உதவ நினைக்கிற ஏறக்குறைய எல்லாரும் முதலில் ஒரு தையல் எந்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். திருமங்கலம் பக்கம் ஒரு தெருவில் நான் எண்ணிப் பார்த்தபோது பதினொரு எந்திரங்கள் இருந்தன. தைக்கத் துணி கொடுப்பவர்கள் அதே தெருவினர்தாம். எதற்குக் கடன் வேண்டும் என்பதை வாங்குகிறவர் சொல்ல வேண்டும்; கொடுக்கிறவருடைய கற்பனையிலிருந்து அது வரக்கூடாது.

பலருக்குத் தோன்றாத ஒரு பயன்பாட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் எங்கள் பணத்தில் ரூபாய்க்கு ரூபாய் மிக அதிகமாக உதவியது இதுதான். சிறு குடும்பங்களில் இரண்டு பவுன் நகை தனியார் அடகுக்கடையில் மாதம் இரண்டு, மூன்று வட்டிக்குக் கிடக்கும். அதே நகையைத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்தால் வட்டி அதில் பாதிக்கும் குறைவு. இது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நகையை முதலில் மீட்டால்தானே அங்கே கொண்டுபோய் வைக்க முடியும்? மீட்கும் பணம்தான் கையில் இல்லை. நாங்கள் காலையில் பணத்தைக் கொடுத்து, அவர்கள் நகையை மீட்டுக்கொண்டு நேராகச் சங்கத்துக்குப் போய், அங்கே கிடைக்கும் பணத்தில் அன்று மாலையோ மறுநாளோ எங்களிடம் திருப்பிவிடுவார்கள். ஒரு நாள் கடன். 40,000 ரூபாய்க்கு மாதம் மூன்று வட்டி என்றால் 1,200 ரூபாய். அது ஏறக்குறைய 300, 400 ரூபாயாகக் குறைகிறது, அதுவும் ஆண்டு முழுவதும். உங்களுடைய 60,000 ரூபாயில் ஒரு பகுதியை இப்படிச் சுழல விட்டால் ஒரே மாதத்தில் நான்கைந்து குடும்பங்களுக்குப் பயன்படும். நகைக்கடன் விதிகள் அவ்வப்போது மாறுவதால், மீட்பதற்கு முன்பே சங்கச் செயலரிடம் எவ்வளவு கிடைக்கும், அன்றைக்கே கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். ஒரு முறை அதைக் கேட்காமல் மாட்டிக்கொண்டு, ஒரு நாள் கடன் ஐந்து மாதக் கடனாக நீண்டது.

இனி, சிறு கடன் வறுமையை ஒழிக்குமா என்ற பெரிய விவாதத்துக்கு வருகிறேன்; ஆனால் அதில் அதிக நேரம் நிற்கப் போவதில்லை. வங்கதேசத்தில் சிட்டகாங் அருகே ஜோப்ரா என்ற கிராமத்தில் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976-இல் 42 பேருக்குத் தன் பையிலிருந்து 27 டாலர் மதிப்புள்ள பணத்தைக் கொடுத்ததில் தொடங்கிய கிராமீன் வங்கி, 2006-இல் அவரோடு சேர்ந்து அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. அந்தத் தொடக்கம் இப்போது நீங்கள் செய்ய நினைப்பதுதான் என்பதைக் கவனியுங்கள். பிறகு அது உலகம் முழுவதும் தொழிலாக வளர்ந்தது. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் தனித்தனியே செய்யப்பட்டு 2015-இல் ஒன்றாக வெளிவந்த ஆய்வுகளின் முடிவு அடக்கமானது. இந்திய ஆய்வு ஹைதராபாத்தில், பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பங்கேற்றுச் செய்தது. கடன் கிடைத்தவர்களில் சிலர் இருக்கும் தொழிலைப் பெரிதாக்கினார்கள். செலவுகளை எப்போது செய்வது என்பதில் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் குடும்ப வருமானமோ பிள்ளைகளின் படிப்போ சராசரியில் பெரிதாக மாறவில்லை. அழிவையும் அவர்கள் காணவில்லை, அதிசயத்தையும் காணவில்லை. இது நிறுவனக் கடனைப் பற்றிய முடிவு. வட்டியில்லாத, ஆள் தெரிந்த கைமாற்றுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆகவே கடன் வாங்கியவர் வறுமையிலிருந்து வெளியே வந்துவிடுவார் என்று நான் உறுதி கூற மாட்டேன். வட்டியாகப் போகும் பணம் வீட்டில் நிற்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

நீங்கள் ஊரைவிட்டுப் போன இந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஊரில் நடந்திருக்கும் ஒரு மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 'குழு லோன்' என்று பொதுவாகச் சொல்லப்படும் நுண்கடன் நிறுவனங்களின் கடன் இப்போது ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கொடுக்கும் கடன் நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. விதி நல்ல விதிதான். வருமானம் எவ்வளவு என்று எழுதுகிற இடத்தில்தான் அது நொண்டுகிறது. உங்களிடம் கடன் கேட்பவருக்கு ஏற்கெனவே இரண்டு, மூன்று குழு லோன்கள் இருந்தால், நீங்கள் கொடுக்கும் 5,000 ரூபாய் செவ்வாய்க்கிழமை வசூலுக்குப் போய்விடும். அவருக்கு ஒரு வாரம் மூச்சு விட நேரம் கிடைக்கும், அவ்வளவே. அப்படிப்பட்டவருக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கொடுக்கும்போது இது தொழிலுக்குப் போகாது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்: 'எத்தனை கடன் இருக்கு' என்பதைவிட, 'வாரத்துல எந்தெந்தக் கெழமை பணம் கட்டணும், அக்கா?' என்று கேட்டால் உண்மை வரும்.

நேரடியாகக் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊரில் களஞ்சியம் குழு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். அழகர்கோயில் பக்கம் 1990-இல் தொடங்கிய இந்த அமைப்பில், பெண்கள் தம் சேமிப்பைத் தமக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொள்கிறார்கள். வட்டியும் அவர்களுக்கே திரும்புகிறது. அதே வட்டாரத்தின் புல்லுச்சேரியைச் சேர்ந்த, பள்ளிக்கூடம் போகாத சின்னப்பிள்ளை அம்மாளின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாயி வணங்கிய படம் உங்கள் நினைவிலும் இருக்கலாம். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவருடைய கூட்டாளிகள் செய்த வேலைகளில் ஒன்று, வட்டிக்காரரிடம் சிக்கியிருந்த குடும்பங்களைத் தம் பணத்தால் வெளியே எடுத்தது. அப்படி ஒரு குழு நன்றாக நடக்கிற தெருவில் உங்கள் பணம் குறுக்கே புகுந்து, குழுவில் சேமிப்பதைவிட ஓசூர்த் தம்பியிடம் கேட்பது எளிது என்று ஆகிவிடக்கூடாது. குழு இல்லாதவர்கள், குழுவில் சேர்க்கப்படாதவர்கள், தனியாக வாழும் முதியவர்கள், ஆண் வியாபாரிகள் ஆகியோரிடம்தான் உங்கள் பணத்துக்கு வேலை அதிகம்.

இணையத் தளங்கள் வழியாகக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிவா, 25 டாலரிலிருந்து வட்டியில்லாமல் கொடுக்க வழி செய்தது. நம் நாட்டில் 2008-இல் தொடங்கிய ரங் தே அதைப் போன்ற ஒன்று. படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மனிதருக்கே நம் பணம் போகிறது என்ற எண்ணம் கிவாவில் முழு உண்மையாக இருக்கவில்லை. பெரும்பாலும் உள்ளூர் நிறுவனம் முன்பே கடனைக் கொடுத்துவிட்டிருக்கும், நம் பணம் அந்த இடத்தை நிரப்பும் என்பதை 2009-இல் ஆய்வாளர் டேவிட் ரூட்மேன் எழுதிக் காட்டிய பிறகு அந்தத் தளமே விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. கொடுப்பவருக்கு வட்டியில்லை என்றாலும், வாங்குபவர் அந்த உள்ளூர் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் வட்டி கட்டுகிறார். இந்தியாவில் ஆளுக்கு ஆள் கடன் தரும் தளங்கள் 2017-இலிருந்து ரிசர்வ் வங்கியின் பதிவு பெற்றவையாக இருக்க வேண்டும்; ஒருவர் ஒரே கடனாளிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது; தவணைக் காலம் 36 மாதத்தைத் தாண்டக்கூடாது. பதிவில்லாத செயலி எதையும் தொடவே வேண்டாம். ஊரில் ஆள் தெரியாதவர்களுக்குத் தளங்கள் நல்ல வழி. உங்களுக்கு ஊர் இருக்கிறது.

எழுத்தையும் சட்டத்தையும் பற்றிச் சுருக்கமாக. வட்டியில்லாமல் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது கைமாற்று. வட்டி வாங்கித் தொடர்ந்து கொடுக்கத் தொடங்கினால் அது 1957-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்துக்குள் வந்து உரிமம் கேட்கும். ஆகவே 'வங்கி வட்டி மட்டும்' என்றுகூட ஆரம்பிக்காதீர்கள். ஒருவருக்கான தொகை 20,000 ரூபாயைத் தொட்டால் வருமான வரிச் சட்டம் அதை ரொக்கமாக வாங்க விடாது. வங்கி வழியாக அனுப்ப வேண்டும். நகை மீட்கும் தொகைக்கு இது பொருந்தும், மறந்துவிடாதீர்கள். புரோநோட்டு எழுதினால் மூன்று ஆண்டுக்குள்தான் வழக்குப் போட முடியும். ஆனால் 5,000 ரூபாய்க்கு நீங்கள் வழக்குப் போடப் போவதில்லை, எனவே அந்தத் தாளால் பயமுறுத்தவும் வேண்டாம். ஏடிஎம் அட்டை, குடும்ப அட்டை, நிரப்பாத காசோலை இவற்றை வாங்கி வைத்துக்கொள்வது கந்துவட்டிக்காரரின் வழக்கம். ஒரு நோட்டில் பெயர், தொகை, அவர் சொன்ன தேதி, அவர் கையெழுத்து. எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்.

மருத்துவமனைச் செலவுக்கும் சாவு வீட்டுக்கும் நாங்கள் கடன் கொடுப்பதில்லை. முடிந்ததைக் கொடுத்துவிட்டுக் கணக்கில் எழுதாமல் விட்டுவிடுகிறோம். வருமானம் தராத செலவுக்குக் கொடுத்த கடன், கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒரே தெருவில் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் செய்துவிடும். அதற்காக 60,000-இல் 10,000-ஐ முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். தள்ளுவண்டிக்காரர்கள் கேட்டால், தெருவோர வியாபாரிகளுக்காக 2020-இல் வந்த மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதிக் கடன் திட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அதன் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்து 2025-இல் 15,000 ஆகியிருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பி மாநகராட்சி அலுவலகத்துக்குக் கூடப் போய் வருவது உங்கள் பணத்தைவிடப் பெரிய உதவியாகலாம்.

கடைசியாக, பணம் வாங்குகிறவர் மனத்தைப் பற்றி. வட்டியில்லை என்றதும் எல்லாரும் மகிழ்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பரவைச் சந்தையில் வெங்காயம் விற்கும் ஒருவர் எங்கள் பணத்தை வேண்டாம் என்று சொன்னபோது காரணம் கேட்டேன். "வட்டி குடுத்தமுன்னா கணக்கு முடிஞ்சு போச்சு சார். ஒங்ககிட்ட சும்மா வாங்குனா எங்கன பாத்தாலும் ஒரு கும்புடு போடணும்ல" என்றார். அவர் சொன்னது சரி. நம் பக்கத்தில் மொய்யும் செய்முறையும் நோட்டில் எழுதப்பட்டுத் திரும்பிப் போவதே அந்தக் கும்பிடு ஒரு பக்கமாக நின்றுவிடக்கூடாது என்பதற்காகத்தானே? நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்கிற நிலை உங்களுக்குப் பிடித்துப்போகவும் கூடும். அதை உங்களிடம் நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்காதீர்கள், நன்றி சொல்லும் காணொளி கேட்காதீர்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன்.

அந்த வெங்காயக்காரரின் பேச்சுக்குப் பிறகு நாங்கள் முறையைக் கொஞ்சம் மாற்றினோம். கடனைத் திருப்புகிறவர் எங்களிடம் தருவதில்லை. இருவரும் சம்மதித்தால், அடுத்து வாங்கப் போகிறவரின் கையில் அவரே கொடுத்துவிட்டு நோட்டில் ஒரு கோடு போடுகிறார். சிலர் சம்மதிப்பதில்லை, அவர்களுக்குப் பழைய முறைதான். மூன்றாம் ஆண்டு அந்த வெங்காயக்காரரே, விளாச்சேரிக்காரர் ஒருவர் கொலு முடிந்து திருப்பிய 8,000 ரூபாயை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். அந்த எட்டாயிரம் அதன் பிறகு நான்கு கை மாறிவிட்டது. இப்போது அது திருமங்கலத்தில் ஓர் இட்லிக் கடைக்காரரின் கிரைண்டரில் இருக்கிறது; ஆவணிக் கடைசியில் வெளியே வரும் என்று அவர் தேதி சொல்லியிருக்கிறார்.